எள்ளுத்தண்ணீர் நாட்டுத் தபால்

அத்தியாயம் 9

"போன வாரம் வந்த ஆளுக என் அச்செழுத்தை எல்லாம் தரையில கொட்டிட்டுப் போனாங்க. நீங்க எதைக் கொட்டப் போறீக?"

முத்தையா இப்படிக் கேட்டபோது சேதுபதி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. காரைக்குடி கழனிவாசல் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது அந்த அச்சகம். உள்ளே மூன்று பேர் தரையில் குத்தவைத்து, அரிசியில் கல் பொறுக்குவது போல ஈய எழுத்துகளைப் பொறுக்கி மரப்பெட்டியின் அறைகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரமாக இதே வேலை. இன்னும் பாதி முடியவில்லை.

"கொட்டுறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்ல, ஆசாரியாரே. அண்ணன் பையில ஒரு வெத்தலைப் பெட்டி இருக்கு. அதையும் அவரு யாருக்கும் தரமாட்டாரு" என்றாள் புஷ்பவள்ளி.

முத்தையா சிரிக்கவில்லை.

புஷ்பவள்ளி மதுரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எட்டு வருஷம் அடுத்தவர் பேச்சைக் கேட்டுச் சம்பளம் வாங்கியவள். அந்த எட்டு வருஷமும் பேசாமல் அடக்கி வைத்ததை, சேதுபதியின் துப்பறியும் நிலையத்தில் சேர்ந்த நாளிலிருந்து பேசித் தீர்த்துக்கொண்டிருந்தாள். சேதுபதி போலீஸில் ரைட்டராக இருந்து, மேலதிகாரி சொன்ன இடத்தில் பொய் எழுத மாட்டேன் என்று வேலையை விட்டவர். வயது ஐம்பத்திரண்டு. பேச்சு குறைவு. பேசவேண்டியதைப் புஷ்பவள்ளி பேசிவிடுவாள் என்பதால் அதில் அவருக்குக் கஷ்டமும் இல்லை.

அவர்கள் தேடி வந்தது அழகு என்ற பதினெட்டு வயதுப் பெண்ணை. மானகிரிக்கு அந்தப் பக்கம் கொன்றைவயல் என்ற ஊர். தகப்பன் இல்லை. தாய், குழந்தைக்கு இரண்டு வயதாக இருக்கும்போதே காலராவில் போய்விட்டாள். வளர்த்தவர் சித்தப்பா பெரியகருப்பன். நிலமும் அரிசி மில்லும் உள்ளவர். போன வருஷம் இந்த அழகு, முத்தையா நடத்தும் 'பனங்குருவி' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை எழுதினாள். தும்பி என்ற சிறுமி, தன் வீட்டுக் கொல்லையிலிருக்கும் மஞ்சள் கதவைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு மாய உலகத்துக்குள் போவாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வியாழக்கிழமை எப்போது வரும் என்று காத்துக்கிடந்தார்கள்.

ஏழு வாரத்துக்கு முன்னால் அழகு காணாமல் போனாள். ஆனால் அதற்கு அடுத்த வாரமே அந்தக் கதையின் இரண்டாம் பாகம் தபாலில் வரத் தொடங்கியது. பெயர், 'எள்ளுத்தண்ணீர் நாடு'. வாரம் தவறாமல் ஒரு அத்தியாயம். கையெழுத்து அவளுடையதேதான்.

அண்ணன் மகளைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி மதுரைக்கு வந்து சேதுபதியை அமர்த்தியவர் பெரியகருப்பன். அச்சகத்தில் எழுத்துப் பெட்டிகளைக் கவிழ்த்த ஆட்களும் அவருடைய ஆட்கள்தான் என்பது காரைக்குடி வந்த பிறகுதான் இவர்களுக்குத் தெரிந்தது.

"அவன்கிட்டச் சம்பளம் வாங்குறவுக எனக்கு எதிராளிதான்" என்றார் முத்தையா. "வெளிய போங்க."

சேதுபதி நகரவில்லை. "ஒரு கேள்வி. பெரியகருப்பன் எங்ககிட்ட முக்கால் மணி நேரம் பேசினார். பொண்ணு சாப்பிட்டாளா, எங்க தூங்குறாளான்னு ஒரு வார்த்தை இல்ல. கதையில அடுத்து என்ன வருதுன்னுதான் மூணு தடவை கேட்டார். ஏன்?"

முத்தையா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு கையில் இருந்த மைத்துணியைக் கீழே போட்டார்.

"அந்தப் பிள்ளையோட ஆத்தா பேர்ல பதினெட்டு ஏக்கர் நஞ்சை இருக்கு. ஆத்தாவோட அப்பன் எழுதி வச்சது. ஆத்தா செத்ததால பிள்ளைக்கு வந்துச்சு. பிள்ளைக்கு இப்பப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. இனி விக்கணும்னா அவ கையெழுத்து வேணும். திங்கக்கிழமை சிவகங்கையில பத்திரம் பதியணும்னு அவன் வாங்குறதுக்கு ஆளும் பாத்துட்டான். கையெழுத்துப் போட்டதும் தன் மச்சினனுக்கே அவளைக் கட்டி வச்சிருவான். இதைக் காணாமப் போறதுக்கு முன்னால அவளே எங்கிட்டச் சொன்னா. திங்கக்கிழமைங்கிறது மட்டும் இப்பக் கேள்விப்பட்டது."

"கதைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"அது எனக்கே தெரியாது. ஆனா ஒவ்வொரு வாரமும் பத்திரிகை வெளியான மறுநாள் அவன் மூஞ்சி மாறுது. கொன்றைவயல்ல பெரிய ஆளுக பனங்குருவி படிக்க ஆரம்பிச்சுட்டாக." அவர் அலமாரியைத் திறந்து ஒரு தாள்கட்டை எடுத்து மேஜையில் எறிந்தார். "நேத்து வந்தது, ஏழாவது. பழசும் அதுலயே இருக்கு. இங்கயே படிங்க. ஒரு தாளும் வெளிய போகக்கூடாது."

"தபால் முத்திரை?"

"சிவகங்கை ஒண்ணு, நாட்டரசன்கோட்டை ஒண்ணு, காளையார்கோவில் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வருது. அந்தப் பிள்ளைக்கு மூளை இருக்கு."

"அதனாலதான் கதை எழுதுது. இல்லாட்டி எங்களை மாதிரி துப்பறிய வந்திருக்கும்" என்றாள் புஷ்பவள்ளி.

இருவரும் மேஜையோரம் உட்கார்ந்து படித்தார்கள். புஷ்பவள்ளிக்கு நாலாவது பக்கத்திலேயே வேலை மறந்துபோயிற்று. தும்பி இந்த முறை போயிருப்பது, உயிரோடு இருக்கும்போதே உறவுக்காரர்கள் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்ட மனிதர்கள் வாழும் நாடு. அங்கே மணி அடித்தால் எழுந்திருப்பார்கள், மணி அடித்தால் படுப்பார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிச் செருப்பு. ஓடும் சக்கரத்தின் கறுப்புத் தோலில் வெட்டித் தைத்தது. அந்த நாட்டு மக்களுக்கு ஒரு வரம் உண்டு. கொதிக்கிற பானையை வெறுங்கையால் இறக்குவார்கள், சுடாது. முள் மேல் நடப்பார்கள், வலிக்காது. தும்பிக்கு முதலில் அது மந்திரமாகத் தெரிகிறது. அந்த வரம்தான் அவர்களுக்கு வந்த சாபம் என்று ஏழாவது அத்தியாயத்தில் ஒரு ராணி அவளுக்குச் சொல்கிறாள்.

"என்ன தோணுது?" என்றார் சேதுபதி.

"அந்த ராணியை ஊரை விட்டு ஏத்திவிட்ட தளபதி மேல எனக்குக் கொலைவெறி வருது. வேற ஒண்ணும் தோணல."

"முதல் பாகத்துல தும்பி கடைக்குப் போயி என்ன வாங்குறா?"

புஷ்பவள்ளி பழைய இதழைப் புரட்டினாள். "அரைக் கிலோ பொரிகடலை."

"இதுல?"

"கால் ராத்தல் வெல்லம்." அவள் நிமிர்ந்தாள். "ராத்தலா?"

"அழகு பள்ளிக்கூடத்துல படிச்சதெல்லாம் கிலோ. ராத்தல் கணக்கு கடையை விட்டுப் போயி பத்துப் பன்னிரண்டு வருஷமாச்சு. அதுக்கு முன்னாடியே கடைவீதியை விட்டுப் போன ஒரு ஆளுக்குத்தான் வாயில சட்டுன்னு ராத்தல் வரும். இன்னொண்ணு பாரு. தும்பி வீட்டுக் கொல்லையில நாவல் மரம் நிக்குதுன்னு எழுதியிருக்கு. முதல் பாகத்துல மரமே இல்ல. நாம கொன்றைவயல் போனப்ப பெரியகருப்பன் வீட்டுக் கொல்லையில சிமிண்டுக் களத்தைக் காட்டி என்ன சொன்னார்?"

"மில்லு வைக்கிறப்ப மரத்தை வெட்டினாராம். பதினஞ்சு வருஷம் முந்தி." புஷ்பவள்ளி விரல் விட்டு எண்ணினாள். "அப்ப அழகுக்கு மூணு வயசு. அவளுக்கு மரம் ஞாபகம் இருக்காது. கை அவளோடது, வாய் வேற யாரோடதோ. யாரோ சொல்லச் சொல்ல இவ எழுதுறா."

"அந்த யாரோவுக்கு எழுத விரல் சரியில்ல போலிருக்கு. சுட்டா தெரியாத கை, முள்ளு குத்தினா தெரியாத காலு, டயர்ல தைச்ச செருப்பு. இது எந்த மந்திரம், புஷ்பா?"

அவள் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். "பெருவியாதி. குஷ்டம்."

முத்தையா மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து குனிந்து பார்த்தார். சேதுபதி தாள்களைக் கட்டியிருந்த நூலை மட்டும் தொட்டுக் காட்டினார். சாயம் போட்ட நீல நூல். கடையில் விற்கிற பந்து நூல் இல்லை, தறியில் ஓடுகிற நூல். முடிச்சும் இழை அறுந்தால் நெசவாளி போடுகிற முடிச்சு.

"அழகோட அம்மா செத்தது காலரான்னு சொன்னாங்கல்ல" என்றார் சேதுபதி.

அச்சகத்தை விட்டு இறங்கியதும் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் ஒருவரிடம் விசாரித்தார்கள். வியாதி ஆறிப்போனவர்களுக்கு மிஷன்காரர்கள் ஒரு நெசவுக்கூடம் நடத்துவதாகவும், அது காளையார்கோவில் தாண்டி இரண்டு மைலில் இருப்பதாகவும் அவர் சொன்னார். சொல்லிவிட்டு, நீங்கள் ஏன் அங்கே போகிறீர்கள் என்று கேட்டு ஓரடி தள்ளி நின்றார்.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் சேதுபதி தபாலாபீசுக்குள் நுழைந்து டெலிபோன் கூண்டுக்குள் போனார். புஷ்பவள்ளி வெளியே நின்றாள். கூண்டின் கண்ணாடி ஒன்று உடைந்திருந்தது. அவர் கேட்ட நம்பரை அவள் காது தானாகப் பிடித்துக்கொண்டது. அது பெரியகருப்பனின் மில் நம்பர்.

"கிடைச்சுட்டா… ஆமா, கையெழுத்துப் போடுவா. பதிவுன்னா சாட்சி வேணும், உங்க ஊர் முன்சீப்பையும் கையோட கூட்டிட்டு வாங்க… காளையார்கோவில் தாண்டி நெசவுக்கூடம். மூணு மணிக்கு."

புஷ்பவள்ளி பஸ்ஸில் அவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். கல்லல் ரோட்டில் வண்டி திரும்பியதும் வாயைத் திறந்தாள்.

"அவனுக்கா போன் பண்ணினீங்க?"

"அவர்தானே நம்ம கட்சிக்காரர்."

"அந்த ஆசாரி சொன்னதைக் கேட்டீங்கல்ல. கையெழுத்து வாங்கிட்டு அந்தப் பிள்ளையை மச்சினனுக்குக் கட்டி வைக்கப் போறான். நீங்க பொய் எழுத மாட்டேன்னு வேலையை விட்ட ஆளுன்னு நினைச்சுத்தான் உங்ககிட்ட வந்து சேர்ந்தேன்."

சேதுபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெத்தலை போடுறியா?"

"விஷம் இருந்தாக் கொடுங்க. உங்க வெத்தலை வேண்டாம்."

முன்சீட்டில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். புஷ்பவள்ளி அவரையும் முறைத்தாள். காளையார்கோவில் கோபுரம் தெரிகிற வரைக்கும் அவள் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷம் கூடவே இருந்து இந்த மனிதரை இவ்வளவு தப்பாகப் புரிந்துகொண்டோமே என்ற கோபம் அவர் மேல் பாதி, தன் மேல் பாதி.

நெசவுக்கூடம் கருவேலங்காட்டு நடுவே நீளமான ஓட்டுக் கட்டடம். தறிகளின் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. வேலிப்படலைத் திறக்கப் போனபோது ஒரு பெண் உள்ளிருந்து வந்து குறுக்கே நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், மூக்கு சற்று அமுங்கியிருந்தது. பெயர் அம்மாக்கண்ணு, கூடத்து மேஸ்திரி.

"துணி வேணும்னா சிவகங்கைக் கடைக்குப் போங்க. வேடிக்கை பாக்கணும்னா சர்க்கஸுக்குப் போங்க."

"அழகைப் பாக்கணும்" என்றார் சேதுபதி.

அந்தப் பெண்ணின் முகம் இறுகியது. "அப்படி யாரும் இங்க இல்ல" என்றவள், ஒரு நிமிஷம் அவர்களை அளந்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் பித்தளைச் செம்பு. விரல்கள் மடங்கியிருந்ததால் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே இடுக்கிப் பிடித்திருந்தாள்.

"வெயில்ல வந்திருக்கீக. தண்ணி குடிங்க. குடிச்சவுகளை மட்டும் உள்ள விடுறது இங்க வழக்கம்."

சேதுபதி வாங்கிப் பாதியைக் குடித்துவிட்டுப் புஷ்பவள்ளியிடம் நீட்டினார். அவள் கை நீள மறுத்தது. சின்ன வயசில் கோயில் வாசலில் இந்த மாதிரிக் கைகளைக் கண்டால் அம்மா அவளை இழுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்கு ஓடுவாள். அம்மாக்கண்ணு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் வேண்டுதல் இல்லை. எத்தனையோ பேர் இந்த இடத்தில் திரும்பிப் போனதைப் பார்த்த அலுப்பு மட்டும் இருந்தது. புஷ்பவள்ளி செம்பை வாங்கி மடமடவென்று குடித்தாள்.

"உப்புத் தண்ணி" என்றாள், செம்பைத் திருப்பிக் கொடுத்து. "நல்ல தண்ணி ஊத்தி வச்சுச் சோதிக்கக்கூடாதா?"

அம்மாக்கண்ணு படலைத் திறந்துவிட்டாள்.

உள்ளே பன்னிரண்டு தறிகள். கடைசித் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு பெண் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். ஆள் வருவதைக் கண்டதும் எழுந்து, பக்கத்தில் கிடந்த மூங்கில் தடியைக் கையில் எடுத்தாள். பெரியகருப்பன் கொடுத்த போட்டோவில் இருந்ததைவிட அழகு மெலிந்திருந்தாள்.

"சித்தப்பா அனுப்பின ஆளுகளா?"

புஷ்பவள்ளி சேதுபதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அவளிடம் போனாள்.

"ஆமா. அவன் மூணு மணிக்கு வாரான். இந்த மனுசன்தான் போன் பண்ணிக் கூப்பிட்டாரு. பின்னால வழி இருந்தா இப்பவே கிளம்பும்மா. நான் இங்க நின்னு ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்."

கடைசித் தறியை ஓட்டிக்கொண்டிருந்த பெண் நிறுத்தினாள். மெல்லிய உடம்பு, நரைத்த தலை, புருவத்தில் முடியே இல்லை. இடது கையில் மூன்று விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. அழகின் நெற்றியும் கண்ணும் அப்படியே அந்த முகத்தில் இருந்தன.

"எங்கயும் ஓடப் போறதில்ல" என்றாள். குரல் கரகரத்தது. "நான் பொன்னுத்தாயி. இவ என் மக. காலராவுல செத்தவ நான்தான்." சேதுபதியைப் பார்த்தாள். "நீங்க யாரு, காசு வாங்கிட்டுக் காட்டிக்கொடுக்கிறவரா?"

"காசு வாங்கினேன்."

"எங்க இருக்கோம்னு எப்படிக் கண்டுபிடிச்சீக?"

"ராத்தல்" என்றார் சேதுபதி.

அழகு தாயைப் பார்த்தாள். "கிலோன்னு மாத்திரவான்னு நான் கேட்டேன்ல" என்றாள் எரிச்சலோடு.

"எனக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்ல முடியும்." பொன்னுத்தாயி புஷ்பவள்ளி பக்கம் திரும்பினாள். இந்தப் பெண்ணிடம் பேசலாம் என்று முடிவு செய்துகொண்டவள் போல இருந்தது. "கையில ஒரு வெள்ளைத் தேமல் வந்துச்சு. என் வீட்டுக்காரரு அப்ப இல்ல, போயிட்டாரு. கொழுந்தன் வைத்தியம் பாக்கன்னு ரயில்ல கூட்டிட்டுப் போயி வடக்க ஒரு ஆஸ்பத்திரியில விட்டான். ஊருக்கு வந்து நான் செத்துட்டேன்னு சொல்லி எள்ளும் தண்ணியும் இறைச்சுட்டான். அஞ்சு வருசத்துல வியாதி ஆறிருச்சு. காயிதம் போட்டேன். அப்படி யாரும் இல்லைன்னு எழுதித் திரும்பி வந்துச்சு. மூணு தடவை. அதுக்கப்புறம் நான் ஊர்ப்பக்கமே போகல. இங்க தறி இருக்குன்னாக, வந்தேன்."

"இவளை எப்படி…"

"இங்க பனங்குருவி வாங்குவோம். எழுத்துத் தெரியாதவளுக்கெல்லாம் அதை வாசிச்சுக் காட்டுவேன். போன வருசம் கதையில கொல்லைக் கதவுக்கு மஞ்சள் அடிச்சிருந்துச்சு. அந்த மஞ்சள் நான் அடிச்சது. யாரு எழுதுறான்னு ஆசிரியருக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதச் சொன்னேன். இவளே பதில் எழுதினா. அப்புறம் வீட்டை விட்டு இங்கயே வந்துட்டா."

"கதை ஏன்? போலீஸுக்குப் போயிருக்கலாமே" என்றாள் புஷ்பவள்ளி.

"போலீஸ்காரன் என்னை ஸ்டேஷனுக்குள்ள ஏத்துவானா? பிள்ளைக கேக்கும். பிள்ளைக கேட்டதை வீட்டுல சொல்லும். எட்டாவது அத்தியாயத்துல தளபதிக்கு நிசப் பேரையே வைக்கிறதா இருந்தோம்."

சேதுபதி முதல் தடவையாக ஒரு அடி முன்னால் வந்தார். "அம்மா, அவர் தனியா வரல. முன்சீப்போட வர்றார்."

பொன்னுத்தாயி அவர் பக்கம் திரும்பினாள். "எந்த முன்சீப்பு? கருத்தையாவா? அதே ஆளுதானா இன்னும்?"

"அதே ஆள்தான். உங்க சாவைக் கிராமப் பதிவேட்டுல எழுதினவர்."

பிறகு பொன்னுத்தாயி தன் தறிக்குத் திரும்பினாள். முதுகை வாசலுக்குக் காட்டி உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடுறேன்னு சொல்லு" என்றாள் மகளிடம். "மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

புஷ்பவள்ளிக்கு அப்போதுதான் விளங்கியது. முன்சீப்பை அவர் வரச்சொன்னது பத்திரத்துக்கு இல்லை. அவள் சேதுபதியைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கறுப்பு அம்பாசிடர் வந்துவிட்டது. பெரியகருப்பன் இறங்கினார். பின்னால் இரண்டு தடியர்கள். அவர்களுக்கும் பின்னால், மைப்பெட்டியும் காகிதக்கட்டும் இடுக்கிய முன்சீப் கருத்தையா. எழுபதை நெருங்கிய மனிதர், வெயிலில் மூச்சு வாங்கியது. பெரியகருப்பன் அம்மாக்கண்ணுவின் செம்பைப் பார்த்த பார்வையில் அவள் தானாக விலகிக்கொண்டாள். தடியர்கள் கூடத்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே இருக்கிற கைகளை அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

"இந்த மாதிரி இடத்துலயா வந்து கிடக்க" என்றார் பெரியகருப்பன். "நம்ம குடும்பத்துப் பொண்ணு. கையெழுத்தைப் போட்டுட்டு வண்டியில ஏறு. மிச்சத்தை வீட்டுல வச்சுப் பேசுறேன்."

"போடுறேன், சித்தப்பா. யார் நிலத்துக்குப் போடுறேன்னு முன்சீப் ஐயா முன்னால சொல்லுங்க."

"உங்க ஆத்தா நிலம். அவ செத்தாள்ல, அப்ப உனக்கு வந்தது."

"எதுல செத்தாக?"

"எத்தனை தடவை சொல்றது? காலராவுல. என் கண்ணு முன்னாலதான் உயிர் போச்சு. முன்சீப்பைக் கேளு." அவர் சேதுபதியைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்ல, வேலையை நல்லாத்தான் முடிச்சிருக்கீக."

கடைசித் தறி நின்றது.

"கருப்பா" என்றாள் பொன்னுத்தாயி, திரும்பாமல். "ரயில்ல போகும்போது மணப்பாறையில முறுக்கு வாங்கிக் கொடுத்த. பிள்ளை அழுதா கொடுங்க, மதினின்னு சொன்ன. பிள்ளையை வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கோமே, யாருக்கு வாங்குறான்னு அப்பவே யோசிச்சிருக்கணும் நான்."

அவள் எழுந்து திரும்பினாள். முந்தானை தோளில் விழுந்தது.

பெரியகருப்பனின் வாய் திறந்தபடி நின்றது. ஒரு கால் பின்னால் போயிற்று. "மதினி… உங்களை வடக்கதானே விட்டேன். இங்குட்டு எப்படி வந்தீக?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குக் காதில் விழுந்தது. புஷ்பவள்ளி அந்த முகத்தைப் பார்த்தாள். வண்டி மாறி ஏறிவிட்டவன் ஊர்ப்பெயர்ப் பலகையைப் படிக்கிற முகம் அது.

மைப்பெட்டி கருத்தையாவின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "விட்டியா? காலரான்னு எங்கிட்டச் சொன்னியேப்பா. பிரேதத்தை ராத்திரியோட எரிச்சாச்சு, தொத்து வியாதி, யாரும் வரவேண்டாம்னு சொன்ன. நானும் எழுதினேன். என் கையால எழுதினேன்."

"இவ யாரோ, ஐயா. பெருவியாதிக்காரி ஒருத்தியைப் பிடிச்சு உக்கார வச்சு…"

"மதினின்னு நீதானே கூப்பிட்ட" என்றார் கருத்தையா. "எனக்குக் காது கேக்கும்."

பெரியகருப்பன் சட்டென்று பாய்ந்து அழகின் கையைப் பிடித்து இழுத்தார். "டேய், வாங்கடா. இவளைத் தூக்கி வண்டியில போடுங்க."

தடியர்கள் வாசற்படியை விட்டு நகரவில்லை. ஒருவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "உள்ள வரமாட்டோம், அண்ணே. பிள்ளைகுட்டிக்காரன் நான்." தொத்து வியாதி என்று பதினாறு வருஷத்துக்கு முன் அவர் ஊரையே தள்ளி நிறுத்திய அதே பயம், அவருடைய ஆட்களையே படிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்திருந்தது. இந்தப் பக்கம் பதினொரு தறிகளும் நின்று, பெண்கள் எழுந்து மெதுவாகக் கிட்டே வந்தார்கள். யாரும் அவரைத் தொடவில்லை. தொடவேண்டிய அவசியமே வரவில்லை. அவரே அழகின் கையை விட்டுவிட்டு, சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கி வாசலுக்குப் போனார்.

"கோர்ட்டுல பாத்துக்கிறேன்" என்றார் படியில் நின்று. "இந்தக் கையை வச்சுக்கிட்டு அங்க வந்து நிப்பியா?"

"வாரேன்" என்றாள் பொன்னுத்தாயி. "பதினாறு வருசமா நாலு பேரு கூடுற ஒரு இடத்துக்கும் போகல. கோர்ட்டுக்கு வாரேன்."

கார் போய்விட்டது. முன்சீப்பை ஏற்றிக்கொள்ளவில்லை. சேதுபதி கீழே கிடந்த மைப்பெட்டியை எடுத்துத் துடைத்து அவரிடம் கொடுத்தார்.

"எங்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கலாம்" என்றாள் புஷ்பவள்ளி.

"சொல்லியிருந்தா நீ அந்தப் பொண்ணை ஓடச் சொல்லியிருக்க மாட்ட. நீ அப்படிச் சொன்னதாலதான் அந்தம்மா வாயைத் திறந்தாங்க. என்னைய மட்டும் பாத்திருந்தா ஒரு வார்த்தை வந்திருக்காது."

"அப்ப பஸ்ஸுல நான் கேட்ட விஷம்?"

"தீர்ந்துபோச்சு. வெத்தலை இருக்கு."

அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் அவரை மன்னிக்கவில்லை. அதற்கு இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று கணக்குப் போட்டாள்.

சாவுப் பதிவு தப்பென்று திங்கட்கிழமைக்குள் தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்றார் கருத்தையா. இன்று வெள்ளி, நாலரை மணிக்குள் சிவகங்கை போய்ச் சேர்ந்தால் இன்றைக்கே கொடுத்துவிடலாம். பொன்னுத்தாயி உள்ளே போய் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அழகு கீழே உட்கார்ந்து தாயின் காலில் டயர்ச் செருப்பின் வாரை மாட்டினாள். வார் இறுக்கமாக இருக்கிறதா என்று மகள் இரண்டு தடவை கேட்டாள். தெரியவில்லை என்றாள் தாய். மகள் விரலை விட்டுப் பார்த்து, ஒரு துளை தளர்த்தினாள்.

ரோட்டில் பஸ் நின்றது. கண்டக்டர் பொன்னுத்தாயியின் கையையும் காலையும் பார்த்துவிட்டுப் படியில் குறுக்கே கையை வைத்தான்.

"எடமில்ல. அடுத்த வண்டியில வாங்க."

பஸ்ஸில் பாதி சீட்டு காலியாகத்தான் கிடந்தது. புஷ்பவள்ளி வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் கருத்தையா கண்டக்டரின் கையைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். இரண்டாவது சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலோர இடத்தைத் துண்டால் தட்டினார்.

"ஏறி வாங்க, பொன்னுத்தாயி. இங்குட்டு உக்காருங்க."

கண்டக்டர் கையை இறக்கவில்லை. "யாருங்கய்யா இது? மத்த ஆளுக சண்டைக்கு வருவாக."

"கொன்றைவயல் முன்சீப் நான்" என்றார் கருத்தையா. குரல் வண்டி முழுக்கக் கேட்டது. "இவுக செத்துப்போனதா பதினாறு வருசம் முந்தி எழுதினவன். அதைத் திருத்தி எழுதப் போறேன். அஞ்சு டிக்கெட்டுப் போடு."

முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் எழுந்து பின்னால் போனார்கள். ஒரு கைக்குழந்தைக்காரி முகத்தைச் சுளித்துக்கொண்டு பிள்ளையை அந்தப் பக்கத் தொடைக்கு மாற்றிக்கொண்டாள். பொன்னுத்தாயி எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, கம்பியை மணிக்கட்டால் அணைத்துப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறி, முன்சீப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கண்டக்டர் ஐந்து டிக்கெட்டைக் கிழித்தான்.